டைம் ஆபீஸிலிருந்து எழுந்து வந்தது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் நான் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யாருக்கு லீவு, யாருக்கு மெமோ, யாருடைய பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் தப்பாக ஏறியிருக்கிறது என்பதையெல்லாம் பார்க்கிற இடம் அது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஏ.சி. அந்தப் பக்கம் வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள், அவற்றின் முன்னால் நீல ஓவர்கோட் போட்ட பெண்கள். பேரணாம்பட்டு, மாதனூர், குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள்.

என் அம்மாவும் இன்னொரு கம்பெனியில் அப்படி ஒரு மெஷினில் இருபது வருடத்துக்கு மேல் தைத்தவர்தான். வாணியம்பாடியில் பி.காம். முடித்து நான் இந்த வேலையில் சேர்ந்தபோது, எங்கள் குடும்பத்தில் கம்பெனிக்குள் போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த முதல் ஆள் நான். அம்மா தெருவில் எல்லோரிடமும் சொன்னார், "எம் பொண்ணு ஏசி ரூம்ல ஒக்காந்து கம்பூட்டர்ல வேல பாக்குறா."

நானும் முதல் மூன்று நான்கு வருடம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதன் பிறகு ஏதோ ஒன்று உள்ளே அரிக்க ஆரம்பித்தது. என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சம்பளம் ஒழுங்காக வந்தது, யாரும் திட்டவில்லை. ஆனால் காலையில் பத்து மணிக்கே சாயங்காலம் எப்போது வரும் என்று இருந்தது. வங்கித் தேர்வு எழுதினேன், இரண்டு முறை. குரூப் ஃபோர் எழுதினேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகிறேன் என்று பயிற்சிக்குப் போய், சொந்தக்காரர்கள் இரண்டு பேர் என்னைக் கண்டதும் தெரு மாறிப் போனபோது விட்டுவிட்டேன். கேக் செய்யக் கற்றுக்கொண்டேன். என் கணவர் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் செய்த கேக்கைக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் சாப்பிட்டார்கள், யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை.

"உனக்கு இன்னாதான் வேணும்?" என்று ஒருநாள் கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியலங்க," என்றேன். அதுதான் உண்மை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஊசி உடைந்தது.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசி பெரிய விஷயம். தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். அவர் ரெஜிஸ்டரில் ஒட்டி வைத்துக்கொண்டு புது ஊசி கொடுப்பார். ஒரு முனை காணவில்லை என்றாலும் அந்த இடத்தில் தைத்த எல்லா ஜோடியையும் தனியாக எடுத்து வைத்துச் சோதிக்க வேண்டும். ஷூவுக்குள் ஊசி முனை வெளிநாட்டுக்குப் போய் யார் காலிலாவது குத்தினால் ஆர்டரே போய்விடும்.

அன்று பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. பெண்கள் போடும் ஷூ ஒன்றின் லைனிங்குக்குள் ஊசி முனை. எந்த லைன், எந்த மெஷின் என்று தேடிக்கொண்டே போய் ஒரு பெண்ணிடம் வந்து நின்றார்கள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. எங்கள் கம்பெனியில் அப்போது அப்படி ஒன்பது பேர் வேலை செய்தார்கள். "பேச்சு கெடையாது, அரட்டை கெடையாது, வேலை சுத்தமா நடக்கும்," என்று மேனேஜர் பெருமையாகச் சொல்வார். அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நாங்கள் தோளில் தட்டி, விரலால் காட்டுவோம். அவர்கள் திரும்ப ஏதாவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவோம்.

அவளை டைம் ஆபீஸுக்குக் கூட்டிவந்து என் மேசை முன்னால் நிறுத்தினார்கள். கூடவே அவளுடைய சூப்பர்வைசர்.

"ஊசி ஒடஞ்சத சொல்லவே இல்ல மேடம். கமுக்கமா பக்கத்து மெஷின்லேர்ந்து வேற ஊசி வாங்கிப் போட்டு தச்சிகினு இருந்துச்சி," என்றார் அவர்.

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இரண்டு விரலை ஒடிப்பது போல ஒரு சைகை. பிறகு கையை நீட்டி எதையோ காட்டுவது போல. பிறகு தன் கழுத்தில் இல்லாத ஒரு விசிலைத் தொட்டுக் காட்டி, உள்ளங்கையால் தள்ளிவிடுவது போல. இதையே மூன்று முறை செய்தாள். மூன்றாவது முறை இன்னும் மெதுவாக, சின்னக் குழந்தைக்குச் செய்து காட்டுகிற மாதிரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று சாயங்காலம் ஷிப்மென்ட். மேனேஜர் போனில் இரண்டு முறை கேட்டுவிட்டார், "லெட்டர் வாங்கியாச்சா, இல்லையா?"

நான் டைப் செய்தேன். அந்த மாதிரிக் கடிதங்கள் என் கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கும், தேதியும் பெயரும் மாற்றினால் போதும். 'எனது மெஷினில் ஊசி உடைந்ததை நான் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவில்லை. இது என்னுடைய கவனக்குறைவு. இதற்கு நானே முழுப் பொறுப்பு.' பிரிண்ட் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் படித்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். 'தெரிவிக்கவில்லை' என்ற இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அந்த வார்த்தை அவளுக்குப் புரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. பேனாவை அவள் கையில் கொடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தைத் தட்டிக் காட்டினேன். அவள் மறுபடியும் அதே வார்த்தையைத் தொட்டாள். நான் மறுபடியும் அதே இடத்தைத் தட்டினேன். கொஞ்ச நேரம் இருவரும் அந்தக் காகிதத்தைத் தட்டிக்கொண்டிருந்தோம். பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அதற்கு அடுத்த வாரம், ஃபினிஷிங் பிரிவில் வேலை செய்கிற இன்னொரு காது கேளாத பெண் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தாள். இவள் பத்தாவது வரை படித்தவள். தன் போனை என் முன்னால் நீட்டினாள். அதில் தமிழில் எழுதியிருந்தாள்: 'அவ ஊசி உடை சார் காட்டு. சார் கை போ தை. அவ தை. நீ தப்பு எழுது.'

எனக்கு முதலில் பாதிதான் புரிந்தது. பிறகு அந்த மூன்று சைகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஊசி ஒடிந்தது. எடுத்துக் காட்டினேன். விசில் போட்டிருக்கிற ஆள் போ போ என்று தள்ளிவிட்டார். எங்கள் சூப்பர்வைசர்கள் எல்லோரும் கழுத்தில் விசில் போட்டிருப்பார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குக் கூடப் புரிந்திருக்கும். அன்று டார்கெட் முடியவில்லை என்று அந்த ஆள் அவளைத் துரத்தியிருக்கிறார்.

நான் மேனேஜரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"சரிம்மா, நீ சொல்றது நெஜமாவே இருக்கட்டும். ஆனா அந்தப் பொண்ணு சைன் பண்ணிக் குடுத்துருக்குது. ஷூ வாங்குற வெளிநாட்டு பையருக்கு ரிப்போர்ட் போய்டுச்சி. ஃபைல் க்ளோஸ். இப்போ தொறந்தா லெட்டர் வாங்கின உன்னியும்தான் கேப்பாங்க. எதுக்கு உனக்கு பேஜார்?"

நான் அன்றே ராஜினாமாக் கடிதத்தை எறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து மதிய ஷிஃப்டின் வருகைப் பதிவை முடித்தேன். அதற்குப் பிறகு முழுதாக எட்டு மாதம் அங்கேதான் வேலை பார்த்தேன். ஆனால் அதுவரை காரணம் தெரியாமல் அரித்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு இப்போது முகம் வந்துவிட்டது. கடிதம் டைப் செய்ய உட்கார்ந்தால் 'நான்' என்று ஆரம்பிக்கும்போதே கை நின்றுவிடும். யாருடைய நான்? பதினொரு வருடமாக மற்றவர்களுக்காக எத்தனை 'நான்' எழுதியிருக்கிறேன்! காது கேட்கிறவர்களாவது என்னோடு சண்டை போட்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டைத் தேடிப் போனேன். குடியாத்தத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அவளுடைய அம்மா வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"எழுதி வாங்கினது நீதானா?" என்றார். கை நிற்கவில்லை. இலையைச் சுருட்டி, நூலைக் கட்டி, அடுத்த இலையை எடுத்தார். "வந்து ஒரு வாரம் சாப்புடல எம் பொண்ணு. செவுத்தப் பாத்துகினு ஒக்காந்துருந்துச்சி. இப்போ எதுக்கு வந்த?"

"மன்னிப்பு கேக்கலாம்னு வந்தேம்மா."

"எங்கிட்ட எதுக்கு? அதுங்கிட்ட கேளு, கேக்கத் தெரிஞ்சா."

உள்ளே அவள் ஜன்னல் பக்கமாகத் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கால் பெடலில் அப்படியே நின்றது. கிளம்புவதற்கு முன் ஒரு வீடியோவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் சைகையை நான் கற்றுக்கொண்டு போயிருந்தேன். பஸ்ஸில் நாலைந்து முறை செய்தும் பார்த்திருந்தேன். அதைச் செய்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். என் விரல்களைப் பிடித்து, ஒன்றை மடக்கி, ஒன்றை நிமிர்த்தி, கையை எந்த இடத்தில் வைக்க வேண்டுமோ அந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தாள். டீச்சர் ஸ்கேலால் தட்டுகிற மாதிரி என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு போய் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். மன்னித்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருத்தினாள், அவ்வளவுதான்.

ஃபினிஷிங் பிரிவுப் பெண்தான் எனக்கு வழி காட்டினாள். வேலூரில் கோட்டைக்கு எதிரே மைதானத்தில் ஞாயிறு சாயங்காலம் காது கேளாதவர்கள் கூடுவார்களாம். வா என்றாள். போனேன். இருபது பேர் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார், டைல்ஸ் போடுகிறவர், பிரஸ்ஸில் வேலை செய்கிறவர், காலேஜ் படிக்கும் பெண்கள். கைகள் பறந்துகொண்டிருந்தன. ஒருவர் ஏதோ சொல்ல, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். அதைக் கண்டுபிடித்த கொத்தனார் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். இன்னும் ஜாஸ்தி சிரித்தார்கள்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் நான் மட்டும் ஒன்றும் புரியாமல் நின்றேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை. தண்ணீர் வாங்குகிற சாக்கில் ரோட்டுப் பக்கம் வந்து நின்றேன். பஸ் ஏறிப் போய்விடலாமா என்று இருந்தது. திரும்பிப் போனேன்.

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் விடவில்லை. வீட்டில் சமைத்துக்கொண்டே கையை ஆட்டுவேன். ஆறாவது படிக்கும் என் மகள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டு, "எம்மா, அது பால் இல்ல, நீ காட்றது ஆடு," என்று திருத்துவாள். டைம் ஆபீஸில் பிரிண்டர் ஓடுகிற நேரத்தில் மேசைக்கு அடியில் எழுத்துகளை விரலால் போட்டுப் பார்ப்பேன். காது கேளாத ஒன்பது பேரில், வேலையில் மீதியிருந்த எட்டுப் பேரும் சம்பளச் சந்தேகம், லீவு, பஸ் பிரச்சினை என்று என்னிடம் வர ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு நேரம் போதவில்லை. மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார், "ஏம்மா, இது டைம் ஆபீஸா, வேற எதாச்சுமா?"

சென்னையில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஆவதற்கு ஒரு முறையான படிப்பு இருப்பது தெரிந்தது. வார நாட்களில் வகுப்பு. வேலையை விட வேண்டும், சென்னையில் ஹாஸ்டலில் தங்க வேண்டும். படித்து முடித்தால் என்ன வேலை என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. விண்ணப்பத்தை ஒரு மாதம் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். ஒருநாள் போடலாம் என்று இருக்கும், மறுநாள் பைத்தியக்காரத்தனம் என்று இருக்கும். மகள் பள்ளிக்கூடம், வீட்டு வேலை, கணவருடைய சாப்பாடு என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வருவேன். எல்லாவற்றுக்கும் ஒரு வழி கிடைத்தாலும், முப்பத்தாறு வயதில் போய் பெஞ்சில் உட்காருவதா என்ற கேள்வி மிச்சம் நிற்கும்.

கணவரிடம் சொன்னபோது அவர் ஒரு போனின் பின்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கேக் மாதிரி ஆய்டாதே?" என்றார்.

"ஆகாது."

"எப்படிச் சொல்ற?"

"கேக்கு இல்லன்னா யாருக்கும் ஒண்ணும் ஆவல. இது இல்லாததுனால ஒரு பொண்ணுக்கு வேல போச்சி. என்னால போச்சி."

அவர் ஸ்க்ரூவை எல்லாம் ஒரு மூடியில் போட்டு வைத்தார். "பொண்ண நான் பாத்துக்கறேன். உங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ. என்னால முடியாது," என்றார்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். அம்மா கத்தவில்லை. அரிந்துகொண்டிருந்த கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டார்.

"நான் மெஷின்ல குனிஞ்சி குனிஞ்சி உன்ன சேர்ல ஒக்கார வச்சேன். நீ எழுந்து போறேன்ற."

"வேற சேர் இருக்கும்மா."

"இன்னா சேர்? ஊமைங்களோட கைய ஆட்டிகினு திரியறதுக்கு யார்னா சேர் போடுவாங்களா?"

"அப்டிச் சொல்லாதம்மா."

"வேற எப்டிச் சொல்றது?" என்று கேட்டார். உண்மையாகவே வேறு வார்த்தை தெரியாமல் கேட்டார். எனக்குத் தெரிந்த வார்த்தையைச் சொன்னேன். "காது கேளாதவங்க," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "பேரு மாத்திட்டா சம்பளம் வருமா?" என்றார். மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் நான் சென்னையில் இருந்த நாட்களில் தினமும் என் வீட்டுக்கு வந்து பேத்திக்குத் தலை வாரி அனுப்பினார். அதை என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

படிப்பு நான் நினைத்த மாதிரி இல்லை. வகுப்பில் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள். எங்கள் ஆசிரியர் காது கேளாதவர். வாயைத் திறக்கவே கூடாது என்பது அவருடைய விதி. முகத்தில் ஒன்றும் இல்லை என்று என்னைத் திட்டுவார். "கை பேசுகிறது, முகம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறது," என்று ஒருநாள் சைகையில் சொன்னார். பாதிப் படிப்பில் இரண்டு முறை பெட்டியைக் கட்டினேன். இரண்டு முறையும் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை போய், ஆம்பூர் வண்டிக்கு டிக்கெட் எடுக்காமல் திரும்பி வந்தேன். விடாமல் இருந்தது தைரியத்தால் என்று சொல்ல மாட்டேன். திரும்பிப் போனால் அந்த மேசைக்குத்தான் போக வேண்டும், அதனால்.

முடித்து வந்த பிறகு ஆறு மாதம் வேலை இல்லை. அந்த ஆறு மாதம் அம்மா ஒருமுறைகூட நான் சொன்னேன் பார்த்தாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு சத்துவாச்சாரியில் காது கேளாத இளைஞர்களுக்கு வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன மையத்தில் சேர்ந்தேன். காலையில் அவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது, மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரி, பத்திரப் பதிவு ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று யார் கூப்பிட்டாலும் போய் மொழிபெயர்ப்பது. பழைய சம்பளத்தில் பாதிகூட வராது.

வேலையில் சேர்ந்த நான்காவது மாதம், திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் பேசினார். அவருடைய அக்கா மகளுக்குக் காது கேட்காது. பெண் பார்க்க வருகிறார்கள். "நீங்க வந்து அதுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்மா," என்றார்.

போனேன். கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நாற்பது வயது இருக்கும். முதல் மனைவியை இழந்தவர், காது நன்றாகக் கேட்கும் ஆள். பெண்ணுக்கு இருபத்தாறு. பட்டுப் புடவையில் வந்து உட்கார்ந்தவள் என்னைக் கண்டதும் கண்ணை அகல விரித்தாள். தன்னோடு பேசத் தெரிந்த ஒருவர் அந்தக் கூடத்தில் இருப்பார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"மாப்ள நல்லவரு, நெலம் இருக்குது, இவள நல்லா வச்சிப்பாருன்னு சொல்லும்மா," என்றார் மாமா. அப்படியே சைகையில் சொன்னேன்.

அவள் சைகையில் ஒன்று கேட்டாள். நான் அதைக் குரலில் சொன்னேன்: "இவர் என்னோட எப்படிப் பேசுவார்?"

கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "பேசறதுக்கு இன்னா இருக்குது? சமைக்கத் தெரியும்ல, புள்ளைங்களப் பாத்துக்கத் தெரியும்ல, அது போதும்," என்றார்.

ஒரு கணம் என் கை எழவில்லை. இதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம். 'போகப் போகக் கற்றுக்கொள்வார்' என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கூடத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் கையில் சொன்னேன். முகத்தையும் மாப்பிள்ளையின் முகம் எப்படி இருந்ததோ அப்படியே வைத்தேன்.

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு சைகை.

"எனக்கு வேண்டாம்," என்றேன் சத்தமாக.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், அவளை இல்லை. நான் சொன்னது போலவே இருந்தது அவர்களுக்கு. மாமா எழுந்தார். "எடுத்துச் சொல்லத்தானம்மா உன்னக் கூப்ட்டோம். கலைக்கவா வந்த?"

"நான் சொல்லலீங்க. அவங்க சொன்னாங்க."

"அதுக்கு இன்னா தெரியும்? நீ இன்னா காட்டினியோ, யாரு கண்டது!"

அவள் அதையும் சொல்லச் சொன்னாள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று என் கையைத் தட்டிக் கேட்டாள். சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போகிறவரை நடந்த எல்லாப் பேச்சையும், என்னைத் திட்டியது உட்பட, அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னைத் திட்டியதைச் சொல்லும்போது மட்டும் அவள் கொஞ்சம் சிரித்தாள். பஸ் ஸ்டாப் வரை யாரும் என்னோடு வரவில்லை.

அடுத்த வருடம் அவளுக்கு வேறொருவரோடு கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். என்னைக் கூப்பிடவில்லை. அந்த ஆளுக்குச் சைகை தெரியுமா என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. சில நாள் திடீரென்று அது ஞாபகம் வந்து, செய்கிற வேலையை விட்டுவிட்டு நிற்பேன்.

வேலை மாறியது நிம்மதியாக இருக்கிறதா என்று பழைய கம்பெனியில் என்னோடு இருந்தவர்கள் எங்காவது பார்த்தால் கேட்கிறார்கள். நிம்மதி என்று சொல்ல முடியாது. மையத்துக்கு அடுத்த வருடம் நிதி வருமா என்று தெரியவில்லை. வேகமாகச் சைகை செய்கிறவர்களை இன்னும் மறுபடி செய்து காட்டச் சொல்லிக் கேட்கிறேன். அம்மா இப்போது தெருவில் "எம் பொண்ணு டீச்சரு" என்று மட்டும் சொல்கிறார், யாருக்கு டீச்சர் என்று சொல்வதில்லை. ஆனால் சாயங்காலம் எப்போது வரும் என்று நான் கடிகாரத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. மூன்று மணி ஆனதே தெரியாமல் பட்டினி கிடக்கிறேன் என்று கணவர் திட்டுகிறார்.

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். டைல்ஸ் போடுகிறவர் ஒருவர் நெஞ்சு வலி என்று வந்திருந்தார், காது கேட்காதவர். டாக்டர் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்றார். அடைப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த சைகை அவருக்குப் புரியவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் குழாய் ஒன்று வரைந்து, நடுவில் புள்ளி வைத்துக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், தலையாட்டினார், தானே ஒரு சைகை செய்து காட்டினார். தண்ணீர்க் குழாயில் சிமென்ட் அடைத்துக்கொண்டால் அவர்கள் வேலையில் காட்டுகிற சைகையாம். என்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. அதன் பிறகு டாக்டர் கேட்டதற்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆம்பூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மறந்துவிடுவேனோ என்று அந்தச் சைகையை மடியிலேயே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மா பள்ளிகொண்டா தாண்டும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கை வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, பழகிகினு இருக்கேன்," என்றேன்.